கர்ப்பத்தில் ஃபைப்ராய்டு: எத்தனை சென்டி என்பதற்கு முன், எங்கே என்று கேளுங்கள்

தமிழில் ‘கட்டி’ என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. தயிர் கட்டியாக உறைந்தது என்போம். வெல்லக்கட்டி, ஐஸ் கட்டி, தங்கக்கட்டி என்போம். சூட்டில் பிள்ளையின் நெற்றியில் கிளம்புவதும் கட்டிதான். புற்றுநோயைப் பெயர் சொல்லக் கூசி, குரலைத் தாழ்த்தி, ‘அவருக்கு வயிற்றில் கட்டியாம்’ என்று சொல்வதும் அதே சொல்தான். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியிடம் ஸ்கேன் அறையில் “கருப்பையில் கட்டி இருக்கிறது” என்றால், அவள் காதில் அந்தக் கடைசிப் பொருள் மட்டும்தான் விழும்.

என் அண்ணன் மகளுக்கு அதுதான் நடந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வயது 33, முதல் பிள்ளை, அப்போது 13 வாரம். ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் செய்தாள். “அத்தை, பிள்ளை நல்லா இருக்காம். ஆனா கூடவே கட்டி இருக்காம். ஆறு சென்டியாம்.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

நான் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், பிறை பக்கம் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலான காலம் தாய்சேய்ப் பிரிவில்தான் வேலை. “அழாதே கண்ணு. அது எங்கே இருக்குன்னு சொன்னாங்களா?” என்று கேட்டேன். சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு சென்டி என்ற எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. முதல் தடவை இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்திருக்கும் பெண்களுக்காகவும், அவர்களுடைய கணவர், அம்மா, மாமியாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். கருப்பை என்பது தசையால் ஆன பை. அந்தத் தசையில் உள்ள ஒரு செல் தன்பாட்டுக்குப் பெருகத் தொடங்கி, நூற்கண்டு போல இறுகச் சுற்றிய உருண்டையாக வளர்ந்தால் அதுதான் ஃபைப்ராய்டு. புத்தகத் தமிழில் நார்த்திசுக் கட்டி. சில மருத்துவர்கள் மயோமா என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அது புற்றுநோய் இல்லை. ஃபைப்ராய்டு என்று நினைத்தது புற்றாக இருப்பது மிக அரிது, கர்ப்பம் தரிக்கும் வயதில் இன்னும் அரிது.

அது அரிய நோயும் இல்லை. அமெரிக்காவில் பெண்களை வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், 50 வயதை நெருங்கும்போது வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேலும் ஃபைப்ராய்டு இருந்தது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வலி இல்லை, தொல்லை இல்லை, எனவே யாரும் தேடவில்லை. நம் பெண்களிலும் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாக வயிற்றை ஸ்கேன் செய்வது கர்ப்பத்தின்போதுதான். ஆகவே கர்ப்பத்தில் ‘வந்த’ கட்டி என்று நினைப்பது, பெரும்பாலும் அதற்கு முன்பே அங்கே இருந்த கட்டிதான். வயது கூடக்கூட, மாதவிலக்கு நிற்கும் வரை, ஃபைப்ராய்டு இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இப்போது படித்து, வேலைக்குப் போய், முப்பதைத் தாண்டி முதல் பிள்ளை பெறுகிறவர்கள் அதிகம் என்பதால் ஸ்கேனில் இதைப் பார்ப்பதும் அதிகம்.

நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒன்றால் வந்ததில்லை. உடம்புச் சூட்டால் வந்ததில்லை. யார் கண்ணும் படவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற பெண்மைச் சுரப்புகள் அதை வளர்க்கின்றன, குடும்ப வழியும் ஓரளவு உண்டு. என் அண்ணியிடம் இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மகள் இரவு வேலைக்குப் போனதுதான் காரணம் என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

இளநீரை வைத்து யோசியுங்கள்

இனி என் கேள்விக்கு வருகிறேன். எங்கே இருக்கிறது?

ஓர் இளநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பச்சைத் தோல், நடுவில் தடித்த மட்டை, உள்ளே தண்ணீர் நிற்கும் குழி. கருப்பையும் ஏறக்குறைய இப்படித்தான். வெளியே மெல்லிய உறை, நடுவில் தடித்த தசைச்சுவர், உள்ளே பிள்ளை வளரும் அறை. இப்போது அந்த மட்டையில் ஓர் உருண்டை வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெளிப்பக்கம் புடைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. மட்டைக்குள்ளேயே நின்றால், சிறியதாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை, பெரிதானால் உள்ளறையைக் கொஞ்சம் நெருக்கும். உள்பக்கமாகப் புடைத்தால் தண்ணீரின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது.

ஸ்கேன் அறிக்கையில் இந்த மூன்றும் வேறு பெயர்களில் வரும். வெளிப்பக்கம் என்றால் சப்செரோசல். சுவருக்குள் என்றால் இன்ட்ராமுரல். உள்ளறைப் பக்கம் என்றால் சப்மியூகோசல். வெளியே காம்போடு, மரத்தில் மாங்காய் தொங்குவதுபோலத் தொங்கினால் பெடன்குலேட்டட். முன்சுவர் என்பதை ஆன்டீரியர் என்றும் பின்சுவரை போஸ்டீரியர் என்றும் எழுதுவார்கள். ஃபண்டல் என்றால் கருப்பையின் உச்சி. இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அறிக்கையைப் பாருங்கள். மருத்துவர் வேகமாகப் பேசினாலும் உங்களால் பின்தொடர முடியும்.

இடத்தில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது? ஃபைப்ராய்டின் நேர்மேலேயே நஞ்சுக்கொடி அமர்ந்திருந்தால் (ரெட்ரோபிளசென்டல் என்று எழுதியிருக்கும்) அந்தக் கர்ப்பத்தை மற்றவற்றைவிடக் கூர்ந்து கவனிப்பார்கள். இரண்டு, கருப்பையின் கீழ்ப்பாகத்தில், கருப்பை வாயருகே இருக்கிறதா? அப்படியானால் பிள்ளை வெளியேறும் வழியில் அது நிற்கக்கூடும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கர்ப்பம் வளரும்போது கருப்பையின் கீழ்ப்பாகம் நீண்டு மேலே இழுபடுகிறது. 16 வாரத்தில் வழியை மறிப்பதுபோலத் தெரிந்த கட்டி, 34 வாரத்தில் மேலே ஏறி ஒதுங்கியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே பிரசவம் எப்படி என்பதை ஆரம்ப ஸ்கேனை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 2, 3 சென்டி உள்ளவை பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிடும். 5 சென்டியைத் தாண்டியவற்றில் வலியும் மற்றத் தொல்லைகளும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மங்குஸ்தான் பழத்தின் அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளிப்பக்கம் இருக்கும் ஒரு 7 சென்டியைவிட உள்ளறைக்குள் புடைத்த ஒரு 3 சென்டி அதிகத் தலைவலி கொடுக்கலாம்.

என் அண்ணன் மகள் இரண்டாவது ஸ்கேனில் கேட்டு வந்த பதில் இதுதான்: பின்சுவர், மேல்பாகம், சுவருக்குள் இருந்து வெளிப்பக்கமாகப் புடைத்தது, நஞ்சுக்கொடி முன்சுவரில். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு இறங்கியது. அவளுக்கும் விளக்கிச் சொன்னேன். அதே ஆறு சென்டிதான், ஆனால் அன்றிரவு தூங்கினாள்.

அப்புறம் இன்னொன்று. கருப்பைத் தசை இடையிடையே ஓர் இடத்தில் மட்டும் சுருங்கும். அந்த நேரம் பார்த்து ஸ்கேன் செய்தால் அந்தச் சுருக்கமே கட்டிபோலத் தெரியும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். சந்தேகம் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வளர்ந்துகொண்டே போகுமா?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். கர்ப்பத்தில் சுரப்புகள் கூடுகின்றன, எனவே கட்டியும் பிள்ளையோடு போட்டி போட்டு வளரும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். ஸ்கேன் வந்து, மாதாமாதம் அளந்து பார்த்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. பெரும்பாலானவை அதிகம் மாறுவதில்லை. வளர்பவை முதல் மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் வளர்கின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. சில சுருங்கவும் செய்கின்றன.

‘பிள்ளைக்குப் போகிற சத்தைக் கட்டி உறிஞ்சிவிடும்’ என்பதும் வீடுகளில் கேட்கும் பேச்சு. பிள்ளை சாப்பிடுவது நஞ்சுக்கொடி வழியாக. ஃபைப்ராய்டு தன் ரத்தத்தைக் கருப்பைச் சுவரின் குழாய்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே தட்டில் கை வைப்பதில்லை. நஞ்சுக்கொடி அதன் மேலேயே ஒட்டியிருக்கும்போதுதான் கவலைக்கு இடமுண்டு, அதை மருத்துவர் தனியாகப் பார்ப்பார்.

அந்த வலி

ஃபைப்ராய்டோடு கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் அதிகம் காண்பது வலி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்கூட்டியே தெரியாதவர்கள் அந்த வலி வந்ததும் பிள்ளை போய்விட்டது என்றே நினைக்கிறார்கள்.

என் அண்ணன் மகளுக்கு 18-வது வாரத்தில் வந்தது. விடியற்காலை, முதுகோரமாக வலது பக்கம், குத்தி இழுப்பதுபோல. விரல் வைத்து ‘இங்கேதான்’ என்று காட்டக்கூடிய வலி. லேசான காய்ச்சல், குமட்டல். ரத்தம் படவில்லை. மாப்பிள்ளை அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஸ்கேனில் பிள்ளையின் இதயத்துடிப்பு சரியாக இருந்தது. ஃபைப்ராய்டின் நடுப்பகுதி மட்டும் மாறியிருந்தது.

நடப்பது இதுதான். கருப்பை வேகமாகப் பெரிதாகும்போது கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மடங்கலாம், அல்லது கட்டி தன் ரத்த வசதிக்கு மேல் வளர்ந்திருக்கலாம். நடுவில் உள்ள திசு ரத்தம் கிடைக்காமல் வாடுகிறது, உள்ளேயே ரத்தம் கசிந்து சிவந்துவிடுகிறது. சிவப்புச் சிதைவு என்று இதற்குப் பெயர், மருத்துவர்கள் ரெட் டிஜெனரேஷன் என்பார்கள். வாடும் திசுவிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வெளியாகி வலியைக் கொடுக்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில், பெரிய கட்டிகளில் இது வரும். பெயரும் வலியும் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் சில நாட்களில், சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில், தானாக அடங்கிவிடும். ஓய்வு, தண்ணீர், வலி மாத்திரை, இவைதான் சிகிச்சை. அவளை மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள்.

வலி மாத்திரையில் கவனம் வேண்டும். பாராசிட்டமால், அதாவது நம் வீடுகளில் பனடோல், கர்ப்பத்தில் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8-ஐத் தாண்டக்கூடாது. தேவைக்கு மேல் தொடர்ந்து போடவும் வேண்டாம். ஆனால் மாதவிலக்கு வலிக்கென்று அலமாரியில் கிடக்கும் பொன்ஸ்தான், அல்லது ஐபுரோஃபென், வோல்ட்டாரன் ஆகியவற்றை நீங்களாகத் தொடவே கூடாது. இவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்பதால், 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. நிறைமாதம் நெருங்கும்போது பிள்ளையின் இதயத்தருகே உள்ள ஒரு ரத்தக்குழாய் நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 20 வாரத்துக்கு முன், வலி தாங்கவே முடியாதபோது, மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பது உண்டு. அது அவர் முடிவு.

முக்கியமான ஒன்று. வலி வந்தால் ‘ஃபைப்ராய்டு வலிதானே’ என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். குடல்வால் அழற்சி, சிறுநீரகக் கல், காம்போடு தொங்கும் கட்டி முறுக்கிக்கொள்வது, நஞ்சுக்கொடி பிரிவது, குறைப்பிரசவ வலி, எல்லாம் வயிற்றுவலியாகத்தான் தொடங்கும். பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரத்தம் பட்டால், வயிறு கல்போல இறுகி இளகாமல் இருந்தால், நீர் கசிந்தால், 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு ஒழுங்காக வலி வந்தால், 38 டிகிரி காய்ச்சல் வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999. சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும் போங்கள், பின்பக்கத்துப் பெரிய கட்டி சிலருக்கு ஆரம்ப மாதங்களில் அப்படிச் செய்யும். நள்ளிரவில் தாதியை எழுப்புவது தொல்லை என்று நினைக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுப்புங்கள். நாங்கள் அதற்குத்தான் அங்கே இருக்கிறோம்.

கிளினிக்கில் என்ன மாறும்

தனியார் மருத்துவரிடம் காட்டினாலும் அரசாங்கக் கிளினிக்கிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அங்கே தரும் பிங்க் புத்தகம், அதாவது கர்ப்பப் பதிவுப் புத்தகம், கையில் இருந்தால், எந்த நேரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உங்கள் கதை அதில் இருக்கும். ஃபைப்ராய்டின் இடமும் அளவும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தில் ஒட்டும் நிற அடையாளத்தைக் கண்டும் பயப்பட வேண்டாம். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நான்கும் யார் உங்களைப் பார்க்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்பவை. நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் தீவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பினாங்கு பொது மருத்துவமனைக்கும், பெருநிலப் பக்கம் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கும் போவார்கள்.

தாதி நாடாவால் வயிற்றை அளக்கும்போது வாரக் கணக்கைவிட வயிறு பெரிதாக இருக்கும். இரட்டைப் பிள்ளையா என்று பக்கத்து வீட்டம்மா கேட்பார். கட்டியும் சேர்ந்து அளக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் இதனால் நாடாவை மட்டும் நம்பிப் பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்ல முடியாது. எனவே ஸ்கேன் சற்று அதிகமாக இருக்கும்.

ரத்தச்சோகையை விட்டுவிடாதீர்கள். ஃபைப்ராய்டு உள்ள பலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போயிருக்கும். இருப்பு குறைந்த நிலையில்தான் கர்ப்பம் தொடங்கும். பிரசவத்தில் ரத்தம் சற்றுக் கூடுதலாகப் போகக்கூடும் என்று தெரிந்திருக்கும்போது, இருப்பைக் கூட்டி வைப்பது அறிவுடைமை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் கர்ப்பத்தில் அது குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு, கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிடுங்கள், சத்து நன்றாகச் சேரும். தேத்தண்ணியோடு போட்டால் பாதி வீண். நம் ஊரில் காலையில் பசியாறும்போது ரொட்டி சானாயோடு தே தாரிக் குடிக்காமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், இரவு படுக்கும்முன் போட்டாலும் சரி. முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி எல்லாம் நல்லவை. ஈரலை மட்டும் அளவு மீறிச் சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், பிள்ளைக்கு ஆகாது.

தைப்பூசம் வந்தது. “அத்தை, தண்ணீர்மலை ஏறலாமா?” என்று கேட்டாள். நடப்பதால் ஃபைப்ராய்டுக்கு ஒன்றும் ஆகாது, தினமும் நடப்பது நல்லதுகூட. ஆனால் அவள் வார்டிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 500-க்கும் மேற்பட்ட படி, வெயில், நெரிசல், தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் வழியில்லாத கூட்டம். “முருகன் கீழேயிருந்து கும்பிட்டாலும் பார்ப்பார்” என்றேன். தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து கும்பிட்டாள். மற்றபடி வேலை, வீட்டு வேலை, கணவன் மனைவி உறவு, எதற்கும் ஃபைப்ராய்டு மட்டும் தடையில்லை. ரத்தப்போக்கோ, கீழிறங்கிய நஞ்சுக்கொடியோ இருந்தால் மருத்துவர் வேறு மாதிரி சொல்வார்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கட்டியைக் ‘கரைக்க’ வயிற்றை உருவிவிடுகிறேன் என்று வரும் யாரிடமும் வயிற்றைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு கைராசியான பாட்டியாக இருந்தாலும் வேண்டாம். உருவி ஃபைப்ராய்டு கரையாது, நஞ்சுக்கொடி பிரிந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. கச்சிப் பாத்திமா என்ற மலாய் மூலிகை, வேர்க்கஷாயம், பெயரில்லாத பொட்டலத்துப் பொடி, இவையும் கர்ப்பத்தில் வேண்டாம். கட்டியைக் கரைக்கும் உணவு என்று ஒன்று கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

“இப்பவே அறுத்து எடுத்துட முடியாதா?” என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. நிறைமாதத்தில் கருப்பை வழியாக ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அந்தச் சுவரை அறுத்து ஒரு கட்டியை எடுப்பது எவ்வளவு ரத்தத்தைக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் கர்ப்பத்தில் பொதுவாகத் தொடமாட்டார்கள். சிசேரியனின்போதுகூட, மெல்லிய காம்பில் தொங்குவதோ கத்தி போகும் வழியை மறிப்பதோ தவிர, பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பிரசவமும் அதற்குப் பின்னும்

ஃபைப்ராய்டு இருந்தால் சிசேரியன்தான் என்பது தவறு. பலருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. கட்டி வழியை மறித்தாலோ, பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ இருந்தாலோ, நஞ்சுக்கொடி வாயை மூடியிருந்தாலோதான் அறுவை. பெரிய கட்டி உள்ளவர்களுக்குப் பிள்ளை தலைகீழாகத் திரும்ப இடம் குறைவு, அதனால் சிசேரியன் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. குறைப்பிரசவ வாய்ப்பும் சற்றுக் கூடுதல். முன்பு ஃபைப்ராய்டை அறுத்து எடுத்தவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கருப்பையில் அந்தத் தையல் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து, வலி எடுக்கும் முன்பே சிசேரியன் செய்ய வேண்டியிருக்கலாம். பழைய அறுவை அறிக்கையைத் தேடி எடுத்து பிங்க் புத்தகத்துக்குள் வையுங்கள்.

எங்கள் பிள்ளை 32 வாரம் வரை தலை மேலாகத்தான் இருந்தாள். 35-ல் திரும்பினாள். 39-ல் சுகப்பிரசவம்.

பிள்ளை பிறந்ததும் எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பார்கள், தாதி தாயின் வயிற்றைப் பார்ப்பாள். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை மூடுவது கருப்பைத் தசைதான். அது இறுகச் சுருங்கிக் குழாய்களை நெரித்துக்கொள்கிறது. சுவரில் ஓர் உருண்டை இருந்தால் சில இடங்களில் அந்தப் பிடி தளரலாம். அதனால்தான் பிள்ளை பிறந்த உடனேயே ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள், ரத்தமும் தயாராக வைத்திருப்பார்கள். பெரிய ஃபைப்ராய்டு இருந்தால் ரத்த வங்கியும் நிபுணரும் உள்ள மருத்துவமனையில் பெற்றுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரத்தில் ஒரு சானிட்டரி பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய ரத்தக்கட்டி விழுந்தாலோ, நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ பத்தியத்தைக் காரணம் காட்டி வீட்டில் இருக்காதீர்கள். பெங்குங் என்ற வயிற்றுக்கட்டுத் துணி கட்டுவதையும் வயிறு உருவுவதையும், சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

பேறுகாலத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கும்போது பல ஃபைப்ராய்டுகளும் சேர்ந்து சுருங்குகின்றன. சிறியவை ஸ்கேனில் தெரியாமலே போய்விடுவதும் உண்டு. அதனால் அறுவை பற்றிய பேச்சை உடனே எடுக்க வேண்டாம், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்துவிட்டுப் பேசுங்கள். கருத்தடைக்குக் கருப்பைக்குள் சாதனம் வைக்க நினைத்தால், அப்போதும் ஃபைப்ராய்டைப் பற்றிச் சொல்லுங்கள். உள்ளறையின் வடிவம் மாறியிருந்தால் அது சரியாக நிற்காது.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் அவள் ஸ்கேனுக்குப் போனாள். வெளியே வந்து போன் செய்தாள். “அத்தை, போஸ்டீரியர், சப்செரோசல் பக்கம்தான், உள்ளறை சுத்தமா இருக்காம்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். எத்தனை சென்டி என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. நாலாம்.